கூடலூரிலிருந்து வரலாற்றுத் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வரலாற்றுத் துறைகளை நடத்துகிறவர்களுக்கும், முனைவர் பட்டத் தலைப்புகளுக்கு ஒப்புதல் தரும் ஆய்வுக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கூடலூர் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இந்திய வெளியுறவுக் கொள்கையின் வரலாறுதான் நான் ஆராய்ச்சி செய்யும் துறை. அதிலும் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யப் போன இந்திய வம்சாவளித் தமிழர்களான மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1948-லிருந்து 1974 வரை பேசிப் பேசி முடித்த கதைதான் என் வேலை. என் அப்பா அம்மா இருவரும் 1964-ல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள், அதனால் இதை எனக்கு வெறும் தலைப்பாக மட்டும் பார்க்க வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் ஒரு மாணவி. சேரம்பாடிப் பக்கத்துப் பெண். எம்.ஏ. நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். 1964 ஒப்பந்தம் நீலகிரியில் எப்படி அமலானது என்று ஒரு முன்வரைவு தயார் செய்துகொண்டு முனைவர் பட்ட நேர்காணலுக்குப் போனாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், நானே வரிக்கு வரி படித்தேன். அங்கே அவளுக்குக் கிடைத்த பதில்: வெளியுறவுக் கொள்கையெல்லாம் டெல்லியில் இருப்பவர்கள் செய்வது, உனக்குத்தான் ஊர் வரலாறு இருக்கிறதே, மலை ரயில் இருக்கிறது, பழங்குடிகள் இருக்கிறார்கள், அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வா. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. ஒரு இடத்துப் பிரச்சினை இல்லை இது. இதே பதிலை நானும் வேறொரு ஊரில் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரிந்த இன்னும் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

மலை ரயிலைப் பற்றியும் பழங்குடிகளைப் பற்றியும் ஆய்வு வேண்டாம் என்று யார் சொன்னது? நிறைய வேண்டும். ஆனால் ஒரு மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு இந்தத் தலைப்பு பெரியது என்று ஒரு குழு முடிவு செய்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. அவள் கேட்ட தலைப்பு வெளியுறவு வரலாறு இல்லையென்றால் வேறு எதுதான் வெளியுறவு வரலாறு?

ஒப்பந்தம் என்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு நாடாளுமன்றத்தில் ஏழு இடங்கள் கிடைத்தன, தோட்டத் தொழிலாளர் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த இடங்கள். அடுத்த ஆண்டே, 1948-ல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன, குடியுரிமையும் போனது, ஓட்டும் போனது. நேருவின் நிலைப்பாடு கடைசி வரை பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கேயே பிறந்து அங்கேயே உழைக்கிறவர்கள் அந்த நாட்டுக்காரர்கள், அவர்களாக விரும்பிக் கேட்டால் ஒழிய இந்தியா ஏற்றுக்கொள்ள முடியாது. 1954-ல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையோடு செய்துகொண்ட ஒப்பந்தமும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றது. 1964 மே மாதம் நேரு இறந்தார், ஜூனில் சாஸ்திரி வந்தார், அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறீமாவோவும் அவரும் டெல்லியில் கடிதப் பரிமாற்றமாக ஒப்பந்தத்தை முடித்தார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருடம் கழித்து 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம், பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பதினாறு பதினேழு வருடம் பிடித்து வைத்திருந்த நிலையை இந்தியா ஏன் ஒரே வாரப் பேச்சில் விட்டுக்கொடுத்தது? 1962-ல் சீனாவோடு போர் நடந்து முடிந்திருந்தது. அந்த டிசம்பரில் கொழும்பில் ஆறு நாடுகளைக் கூட்டிச் சமரச யோசனை சொன்னவர் இதே சிறீமாவோ. பக்கத்து நாடுகளோடு சுமுகமாகப் போக வேண்டிய நெருக்கடியில் டெல்லி இருந்தது, புதுப் பிரதமர் வேறு. இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோரைத் தாங்க வேண்டியது சென்னை மாநிலம். அன்று பக்தவத்சலம் முதலமைச்சர். அந்த அரசுக்கும் டெல்லிக்கும் இடையே என்ன கடிதம் போனது, யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள், எங்கே மறுத்தார்கள், எந்த மலையில் எத்தனை ஏக்கர் என்று எப்போது முடிவானது? இதைத் தேட டெல்லி மட்டும் போதாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார வேண்டும், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தமிழில் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், குன்னூருக்கும் கொளப்பள்ளிக்கும் பஸ் ஏறத் தயாராக இருக்க வேண்டும். என் மாணவியைவிட இதற்குப் பொருத்தமான ஆளை எனக்குச் சொல்லுங்கள்.

நீலகிரிக்கும் வெளியுறவுக்கும் என்ன சம்பந்தம் என்று இனியும் யாராவது கேட்டால் 1948 ஜூனைப் பற்றிச் சொல்லுங்கள். ஆசியா, தூரக்கிழக்குக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் மூன்றாவது கூட்டம் நடந்தது உதகமண்டலத்தில். நேரு வந்து பேசினார். அப்போது டச்சுக்காரர்களோடு போராடிக்கொண்டிருந்த இந்தோனேசியக் குடியரசுக்கு அந்த ஆணையத்தில் இடம் கொடுக்கலாமா என்று அங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது. ஆசிய நாடுகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் நடந்த முக்கியமான கூட்டங்களில் அது ஒன்று, ஊட்டியில் பள்ளிக்கூடம் படித்த பிள்ளைகள் யாருக்கும் அது தெரியாது. வெலிங்டனில் இருக்கும் ராணுவப் பணியாளர் கல்லூரிக்கு ஆண்டுதோறும் எத்தனையோ நாட்டு அதிகாரிகள் வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். அந்த நட்பு இந்தியாவுக்கு எந்த நாட்டில் எந்த நேரத்தில் உதவியது என்று ஒரு ஆய்வேடு நம் பக்கத்திலிருந்து வந்து நான் பார்த்ததில்லை.

சரி, இந்தப் படிப்பு எவ்வளவு சிரமம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்களில் சிலர் மாணவர்கள் மேல் உள்ள அக்கறையிலேதான் வேண்டாம் என்கிறீர்கள், அது எனக்குத் தெரியும்.

டெல்லி ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம். வெளியுறவு அமைச்சகக் கோப்புகளின் பட்டியலைப் பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதி, கவுன்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கோப்பு என்று பட்டியலிலேயே தலைப்பு இருக்கும், ஆசையாக எழுதிக் கொடுத்தால் சீட்டு மட்டும் திரும்பி வரும், ஓரத்தில் என்.டி. என்று இரண்டு எழுத்து. கோப்பு அமைச்சகத்திலிருந்து இன்னும் காப்பகத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். 1993 பொது ஆவணச் சட்டமும் அதற்கான விதிகளும் இருபத்தைந்து வருடம் ஆன ஆவணங்களைப் பற்றித் தெளிவாகத்தான் பேசுகின்றன, ஆனால் அறுபது வருடம் ஆன கோப்புக்கும் இந்த இரண்டு எழுத்து வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றால், இருபது வருடத்துக்கு முந்தைய விஷயங்களுக்குப் பெரும்பாலான விலக்குகள் செல்லாது என்று எட்டாம் பிரிவு சொல்கிறது, வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவல் என்பது போன்ற சில விலக்குகள் அப்படியே நிற்கின்றன. நம் துறைக்காரர்களுக்கு அந்த வெளிநாட்டு உறவு விலக்குதான் சுவர்.

கிடைக்கும் கோப்பு ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடிதங்கள், இன்னொரு பக்கம் அதிகாரிகளின் குறிப்புகள். கீழ்நிலை அதிகாரி ஒரு பக்கம் முழுக்க எழுதிய யோசனைக்கு மேலே இருப்பவர் ஒரே வரியில் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார், அந்த ஒரு வரியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஊர் மாறியிருக்கும். அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். இந்த வேலையில் இருப்பவர்களை விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

டெல்லியில் கிடைக்காததை வெளியில் தேட வேண்டியிருக்கிறது. பிரிட்டன் முன்பு முப்பது வருடத்தில் திறந்துகொண்டிருந்ததை இப்போது இருபது வருடமாகக் குறைத்திருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக 1861-லிருந்தே அச்சிட்டு வருகிறது, இப்போது இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கொழும்பிலும் டெல்லியிலும் இருந்த பிரிட்டிஷ் தூதர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களை வைத்து நம் பிரதமர் என்ன யோசித்தார் என்று நாம் ஊகிக்க வேண்டிய நிலைமை. கொழும்பு தேசிய ஆவணக் காப்பகம் ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், ஆனால் அங்கே போய் ஒரு மாதம் தங்குவதற்கு நம் ஆய்வு மாணவருக்குப் பணம் கொடுக்க ஒரு திட்டமும் என் கண்ணில் பட்டதில்லை. தேசியக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் கோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகின்றன, பந்தலூரில் உட்கார்ந்து கைபேசியிலேயே படிக்க முடிகிறது. அது பெரிய மாற்றம், எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே பெரிய மாற்றம்.

அப்புறம் பணம். ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், நிம்மதி. அதற்கு நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் மேலே வர வேண்டும், வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். தமிழ்வழியில் பி.ஏ., எம்.ஏ. படித்த பிள்ளைக்கு அங்கேயே பாதி உயிர் போய்விடுகிறது. அதையும் தாண்டி வருகிறவர்களை நேர்காணலில் நாமே திருப்பி அனுப்பினால் என்ன செய்வார்கள்? செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பி.எட். போகிறார்கள், நல்ல ஆசிரியர்களாகவும் ஆகிறார்கள், நமக்கு ஒரு ஆராய்ச்சியாளர் குறைகிறார்.

இந்தத் துறை நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால் 1954-லிருந்து 1966 வரை வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவை நடத்தினார். 1960-ல் சீன அதிகாரிகளோடு எல்லைப் பேச்சு நடந்தபோது இந்தியத் தரப்பு ஆவணங்களை அடுக்கியதில் அவருடைய பங்கு பெரியது, பிறகு அவரே பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கென்று ஒரு மையத்தைத் தொடங்கி நடத்திய வி. சூரியநாராயண், நாடற்றவர்களைப் பற்றியும் கச்சத்தீவைப் பற்றியும் விடாமல் எழுதினார். அந்த வழி இங்கே இருக்கத்தான் செய்கிறது, நடக்கிற ஆட்கள்தான் குறைந்துவிட்டார்கள். கச்சத்தீவு என்று மேடையில் முழங்க எல்லோரும் வருகிறார்கள், 1974 கோப்பைப் படித்துவிட்டுப் பேச ஆள் இல்லை.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணம் என்றால் டெல்லியும் லண்டனும் மட்டுமில்லை, எங்கள் மலையில் தகரப் பெட்டிகளுக்குள் கிடக்கிறது.

கொளப்பள்ளியில் ஒரு பாட்டி, பெயர் வேண்டாம், தன் பெட்டியை எனக்காகத் திறந்து காட்டினார். பழைய சேலைக்கு அடியில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. குடும்பம் முழுவதும் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு படம், மூலையில் பாதி அழிந்த முத்திரை, கீழே வரிசையாகப் பெயர், வயது, உறவு. நான்காவது பெயர் மேல் மட்டும் ஒரு கோடு. மூத்த மகள். அவள் கல்யாணமாகிப் போன வீட்டில் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள், அதனால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள், இவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார்கள். “அவ பேரு மேல கோடு போட்டது யாருன்னு தெரியல தம்பி” என்றார் பாட்டி. அட்டையோடு மடித்து வைத்திருந்த இன்னொரு தாளில் சேமநிதிக் கணக்கு. ஒரு குடும்பம் கொண்டுபோக அனுமதிக்கும் தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த வரி நிஜத்தில் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கொடுத்தது என்று இந்தத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும். அமைச்சகக் கோப்பு அதைச் சொல்லாது.

இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள் 5,25,000-க்கு எட்டவில்லை, இலங்கைக்கு மனுப் போட்டவர்கள் 3,00,000-ஐத் தாண்டிவிட்டார்கள். அதாவது இரண்டு அரசுகளும் போட்ட கணக்குக்கு அந்த மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இது ஏன் நடந்தது, எந்தத் தோட்டத்தில் யார் எதைச் சொல்லி எந்தப் படிவத்தில் கைநாட்டு வாங்கினார்கள், கங்காணி சொன்னதற்காகவா, தொழிற்சங்கம் சொன்னதற்காகவா, அண்ணன் போகிறான் என்று தம்பியும் வந்தானா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் கோத்தகிரியிலும் நெல்லியாளத்திலும் நடுவட்டத்திலும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அன்று இருபது வயதில் வந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

இவர்களுக்காகத்தான் அரசுத் தேயிலைத் திட்டம் 1968-ல் தொடங்கியது, 1976-ல் டேன்டீ என்று தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக மாறியது. அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பதென்று 2022-ல் முடிவானது. அது சரியா தவறா என்பது வேறு விவாதம். தோட்டத்தின் பிரிவுகளான டிவிஷன்கள் சுருங்குகின்றன, ஓய்வு பெற்றவர்கள் தோட்டத்து லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு கோயம்புத்தூர், திருப்பூர் என்று பிள்ளைகளிடம் போகிறார்கள், போகும்போது பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? பழைய பேப்பரோடு எடைக்குப் போகிறது. இன்னும் சிலர் அந்த அட்டையை உயிர் மாதிரி வைத்திருக்கிறார்கள், சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைக்கும் அலையும்போது கையில் இருக்கும் ஒரே தாள் அதுதான். செக்‌ஷன் பதினேழு, அதாவது கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் வரும், நிலத்தில் பட்டா இல்லாமல் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை மலையிலிருந்து ஒரு பிள்ளை இந்த மாதிரித் தலைப்போடு வந்தால் முன்வரைவைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், முகவரியைப் படித்துவிட்டு வேண்டாம். வெளியுறவு வரலாற்றில் தமிழில் ஆய்வேடு எழுத அனுமதியுங்கள், சட்டமன்ற உரைகளும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் மக்கள் வாய்மொழியும் தமிழில் இருக்கும்போது அதை ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதித்தான் ஆராய்ச்சியாக்க வேண்டும் என்பதில்லை. துறைக்கு ஒருவராவது சிங்களம் கற்றுக்கொள்ள வழி செய்யுங்கள், எதிர்த்தரப்பு எழுதியதைப் படிக்காமல் ஒப்பந்தத்தின் வரலாற்றை யாராலும் எழுத முடியாது. டெல்லிக்கும் கொழும்புக்கும் போய்வர ஒரு சிறு நிதியை ஒதுக்குங்கள், இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்துக்கு மாணவர்கள் மனுப் போடும்போது பரிந்துரைக் கடிதத்தைத் தள்ளிப்போடாமல் கொடுங்கள். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த ஆண்டே செய்ய வேண்டியது ஒன்று. ஸ்கேனர் எடுத்துக்கொண்டு மாணவர்களோடு வாருங்கள். அட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டாம், யாரும் தரவும் மாட்டார்கள், தரக்கூடாது. அவர்கள் கண் முன்னாலேயே படம் எடுத்து, அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, பெயரை வெளியிடலாமா கூடாதா என்று எழுதி வாங்கி, ஒரு பிரதியை எழும்பூர் காப்பகத்திலும் இன்னொன்றை உங்கள் நூலகத்திலும் வைத்தால் போதும். கூடவே அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துவிடலாம். சேரங்கோட்டிலிருந்து கோத்தகிரி வரை யாரைப் பார்க்க வேண்டும், எந்த டிவிஷனில் எப்போது வேலை முடியும், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் இருப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தங்குவதற்குக் கூடலூரிலும் பந்தலூரிலும் ஆசிரியர்கள் வீடு தரத் தயாராக இருக்கிறார்கள். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் பிறகு பெட்டியைத் திறக்கவும் முடியாது, சேரம்பாடி ரோட்டில் போகவும் முடியாது, ஆகவே மே மாதத்துக்குள் வருவதாக இருந்தால் நல்லது. அந்த மாணவியின் முன்வரைவையும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். அவள் இந்த ஆண்டும் மனுப் போடுகிறாள், அதே தலைப்பில்.

அன்புடன்,
கூடலூர் பக்கத்து வரலாற்று ஆசிரியன் ஒருவன்